ரெடிக்காகக் காத்திருந்த பெட்டி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் அம்மா கிள்ளான் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். குகனோடு வேலை செய்து பார்த்தால் அவருக்கும் வரும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் குகனும் ஒரே மேசையின் இரண்டு பக்கம். போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் பெட்டியைச் செய்கிறோம். பூட்டும் சர்க்கிட் என்னுடையது. பூட்டியதை வாங்கி வெளியே அனுப்பும் சர்க்கிட் அவனுடையது.

போன வாரம், பினாங்கில் வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். அவ்வளவுதான். இரண்டு வருடமாக அவனோடுதான் சுற்றுகிறேன். நீ என்ன சொல்கிறாய் ஷாமினி என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? வாயில் கொழுக்கட்டையா? சரி, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு தாப்பாவ் கட்டி வருகிறவன், மறுநாளிலிருந்து ஒரே ஒரு பொட்டலத்தோடு படியேறினான். போய்விடுவானோ என்று உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை. பேச்சு நின்றது, சர்க்கிட்டைப் பற்றிய பேச்சும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியை ஓட்டினோம். ஓர் எழுத்துகூட வெளியே வரவில்லை. கூட வேலை செய்யும் இர்ஃபான், ராமநாதபுரத்திலிருந்து வந்தவன், என் ஃபைலையும் குகன் ஃபைலையும் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு சர்க்கிட்டுக்கும் நடுவில் இரண்டு சிக்னல் உண்டு. தரும் பக்கம் ‘வேலிட்’ என்றால், இதோ தகவல் இருக்கிறது என்று பொருள். வாங்கும் பக்கம் ‘ரெடி’ என்றால், கொடு என்று பொருள். இரண்டும் சேர்ந்து எழுந்தால்தான் தகவல் கைமாறும். குகனின் சர்க்கிட் என் வேலிட் வரட்டும் என்று நின்றது. என்னுடையது அவன் ரெடி வரட்டும் என்று நின்றது. மற்ற நாளாக இருந்தால் யார் முதலில் என்று மேசைக்குக் குறுக்கே கத்தியே முடிவு செய்திருப்போம்.

வாங்கும் பக்கம் காத்திருக்கலாம், தரும் பக்கம் காத்திருக்கவே கூடாது, அதுதான் விதி என்றான் இர்ஃபான். ஆக, தப்பு என் பக்கம். எரிச்சலோடு திருத்தினேன். மறுபடி ஓட்டியதும் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று மின்னியது. இர்ஃபான் தே தாரேக் டீ வாங்கக் கீழே இறங்கினான்.

குகன் கைப்பேசியை எடுத்துப் பினாங்குக்காரர்களுக்கு எதையோ தட்டத் தொடங்கினான். ரோஷம் பார்த்தது போதும் என்று எனக்குத் தோன்றியது.

"குகா, போவாத லா. நீ இல்லாம எனக்கு முடியாது."

அவன் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"அன்னைக்கே நீ கேக்குறதுக்கு என்ன?"

இர்ஃபான் திரும்பி வந்தபோது நாங்கள் மேசைக்குக் குறுக்கே கத்திக்கொண்டிருந்தோம். கைப்பேசியில் தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டே கத்தினான் குகன்.