ஹாலோவேயின் மூன்று நட்சத்திரங்கள்

டாக்டர் டெல்ஃபினா அர்ச்சுலெட்டாவுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒற்றை நட்சத்திரம் போட்டது. சாலைக்கு எதிரே கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் கிரெய்க் ஹாலோவேக்கு மூன்று. நட்சத்திரம் குறைந்த டாக்டரிடம் போனால் நோயாளி கையிலிருந்து மும்மடங்கு கட்டவேண்டும். தெற்குக் கொலராடோவில் எங்களுடையது இரும்பாலை ஊர். உலை முன்னால் வெந்து ஓய்வுபெற்றவன் எந்தப் பக்கம் நடப்பான்? டெல்ஃபினாவின் வாசலில் கூட்டம் கரைந்தது. இன்னொரு வருடம் இப்படிப் போனால் மருத்துவமனையை மூடவேண்டியதுதான்.

தரம் எப்படிப் போடுகிறீர்கள் என்று முன்பெல்லாம் கேட்டால், தொழில் ரகசியம் என்பார்கள். இந்த வருடம் மாநிலத்தில் சட்டம் வந்தது. டாக்டர் கேட்டால் சொல்லியாகவேண்டும், மறுப்பு இருந்தால் கேட்டாகவேண்டும். டெல்ஃபினா கேட்டாள். நிறுவனத்து அதிகாரி ஒருவன் தொலைபேசியில் வந்தான். ஒரு நோயாளி வருடத்தில் எந்த டாக்டரை அதிக முறை பார்க்கிறாரோ, அவருடைய மொத்தச் செலவும் அந்த டாக்டர் பெயரில் ஏறும் என்றான். ஆஸ்பத்திரிச் செலவு, டயாலிசிஸ், அறுவை எல்லாமே. செலவு ஏற ஏற நட்சத்திரம் குறையும். நோய் முற்றியவர்களைப் பார்க்கிறவளுக்குச் செலவு கூடத்தானே செய்யும் என்று அவள் மறுத்தாள்.

"மறுப்பைக் கேக்கணும்னு சட்டம் சொல்லுது, டாக்டர். கேட்டுட்டோம்" என்றான் அவன்.

தொலைபேசியை வைத்தபோதுதான் ஹாலோவே அவளுக்குப் புரிந்தான். சிறுநீரகம் போனவன், நுரையீரல் கரியானவன் என்று யார் வந்தாலும், உங்களைப்போல யார் பார்ப்பார்கள் என்று இனிக்க இனிக்கச் சொல்லி அவளிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். அதை மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள். நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தவன் அவன். இந்தக் கணக்கு அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

மறுநாள் எலோய் கின்டானாவின் ரத்த அழுத்தம் பார்க்கும்போது இதைச் சொன்னாள். எலோய் அவள் அப்பாவோடு ஒரே உலையில் நின்றவர். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. அவரும் ஹாலோவே தள்ளிவிட்டவர்தான்.

"அப்ப நான்தான் உன் தலையில உக்காந்திருக்கற பாறாங்கல்லா, புள்ள?"

"நீங்க மட்டுமில்ல. உங்கள மாதிரி எல்லாரும்."

"எத்தன தடவ பாத்தோம்ங்கறதுதான் கணக்கு. எவன் ஒழுங்காப் பாத்தான்ங்கறது இல்ல. அப்படித்தான?"

அப்படித்தான் என்றாள். எலோய் சட்டைக் கையை இறக்கிக்கொண்டு சிரித்தார். ஆலையில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் மறியலுக்கு முறை வைத்து ஆள் அனுப்பியவர் அவர்.

அடுத்த வாரமே எலோயும் கூட்டாளிகளும் ஹாலோவேயிடம் நேரம் வாங்க ஆரம்பித்தார்கள். இருமல், அரிப்பு, காதுக் குறும்பி, மாத்திரையில் சந்தேகம். மூன்று நட்சத்திரம் என்பதால் கட்டணமும் குறைவு. அவனுடைய வாசனையடிக்கும் கூடத்தில் வேலைப்பூட்ஸோடு உட்கார்ந்து, பச்சைமிளகாய் விளைச்சலைப் பற்றிச் சத்தமாகப் பேசி, காபியைத் தீர்த்துவிட்டுப் போனார்கள். அர்ச்சுலெட்டாவிடமே போகலாமே என்று வரவேற்பில் இருந்த பெண் கெஞ்சினாள்.

"அந்தம்மாவுக்கு ஒத்த நட்சத்திரம்மா. என் உசுரோட வெளையாடச் சொல்றியா?" என்றார் ருஃபினோ மாயெஸ். ஒற்றை நுரையீரலில் மூச்சுவிடுகிறவர்.

டெல்ஃபினா நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். டயாலிசிஸுக்கு மறுநாள் எலோயின் முகம் சாம்பலாகக் கிடக்கும். அந்த உடம்போடு அங்கே போய் உட்காரவேண்டாம் என்று ஒருதரம் சொன்னாள். மறியலில் உட்கார்ந்தால் கால் வலிக்கத்தான் செய்யும் என்றார் அவர். இரண்டாம் தரம் அவள் சொல்லவில்லை. சொல்ல மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சங்கக் கூடத்தில் பில்லியர்ட்ஸ் மேசைமேல் அவர்களைப் படுக்கவைத்துக் காசு வாங்காமல் பார்த்தாள். பில் இல்லாத வைத்தியம் நிறுவனத்தின் கண்ணில் படாது.

அடுத்த வருடத்துத் தரம் வந்தது. டெல்ஃபினாவுக்கு மூன்று, ஹாலோவேக்கு ஒன்று.

அவன் முதல்முறையாகச் சாலையைக் கடந்து வந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை. தன் நோயாளிகள் நழுவுகிறார்கள், கட்டடத்துக் கடன் நிற்கிறது என்று சுற்றிவளைத்தான்.

"அந்த ஆலைக்காரங்கள நீங்களே திரும்ப எடுத்துக்குங்க, டெல்ஃபினா. அவங்களப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

"இந்த அளவுகோல் தப்புன்னு நிறுவனத்துக்கிட்ட எழுதிக் குடுப்பீங்களா? குழுவுல இருந்தப்பவே தெரியும்னும் சேத்து?"

அவன் சன்னலைப் பார்த்தான். சொந்தப் பெயரில் எப்படி எழுதுவது என்றான்.

"அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும். மும்மடங்கு குடுத்தாவது எலோய் செவ்வாய்க்கிழம உங்ககிட்ட வர்றாராம். எடது குதிகால்ல புண்ணு கெளம்பியிருக்கு. சர்க்கரக்காரரு. கால எடுக்கவேண்டி வந்தா அந்தச் செலவும் உங்க தலையிலதான்."

எவ்வளவு பெரிய புண் என்று ஹாலோவே கேட்டான்.

புண்ணை அவள் ஞாயிற்றுக்கிழமையே சுத்தம்செய்து கட்டிவிட்டிருந்தாள். ஆறத் தொடங்கியிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"நின்னுக்கிட்டே பாத்தா தெரியாது, டாக்டர். தரையில மண்டிபோட்டு, கால மடியில தூக்கி வச்சுப் பாக்கணும்."