வாடை போகிற வரைக்கும்

லாரி கழுவுகிற கொட்டகையில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். வாடை போகிற வரைக்கும் அடி. இன்றைக்கு மீன் ஏற்றி வந்த வண்டியில் நாளைக்கு மாவு மூட்டை ஏறும். மாவில் மீன் வாடை ஏறிவிட்டால் கொட்டகைக்கே பூட்டுதான். அதனால் முதலில் தண்ணீர், பிறகு சோப்பு ஆயில், அதற்கும் மசியவில்லை என்றால் கிரீஸை அறுக்கிற சிவப்புத் தண்ணீர். கடைசியில் மேஸ்திரி வண்டிக்குள் ஏறி மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அவர் மூக்கு ஒத்துக்கொண்டால்தான் வண்டி வெளியே போகும்.

அங்கே குழாய் பிடிக்கிறவருக்கு 'பைப்பு' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரை அவரே மறந்திருப்பார். பாதி ஆயுசு தண்ணீரில் நின்றதில் உள்ளங்கால் வெளுத்து, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன மனுஷன். அவருக்கு ஒரு நாய். குட்டியாக இருந்தபோது மழைக்குப் பயந்து ஒரு லாரியின் மாற்றுச் சக்கரத்துக்குள் சுருண்டு கிடந்ததால் ஸ்டெப்னி என்று பேர் வைத்தார். சின்ன வீட்டைச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் பெண்சாதிக்கு இந்தப் பேரே பிடிக்கவில்லை. "ஸ்டெப்னிய வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன்" என்று அவர் ஒருநாள் போனில் கத்தியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரம் அவளை இரக்கமாகப் பார்த்தாளாம்.

பகலில் கொட்டகை, ராத்திரியில் வீடு என்று வளர்ந்த நாய் அது. மரம், கம்பம், சுவர் எதுவும் அதன் கண்ணில் படாது. காலைத் தூக்கினால் லாரிச் சக்கரத்தின்மேல்தான். அது கையெழுத்துப் போடாத வண்டி கேட்டைத் தாண்டாது என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அதற்கு வயசாகிவிட்டது. கண்ணில் பால் விழுந்த மாதிரி ஒரு வெளுப்பு. இடுப்பு பிடித்துக்கொண்டதில் முன்னைப்போல் வளைந்து குனிந்து தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்ள முடியவில்லை. அடிவயிற்று முடி நீண்டு சிக்குப் பிடித்திருந்தது. ஒரு காலையில் அது மல்லாந்து படுத்திருந்தபோது, ஆண்குறியை மூடியிருக்கிற தோலுறையின் நுனியில் மஞ்சளாக ஒரு சொட்டு நிற்பதைப் பைப்பு பார்த்தார். தொட்டு மோந்தார். லேசான வாடை.

அவருக்கு உடனே ஞாபகம் வந்தது வெள்ளச்சிதான். கொட்டகையில் முன்னே இருந்த பெட்டை நாய். உடம்பெல்லாம் சொறி வந்து முடி கொட்டியதும், சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற வண்டிகள் வருகிற இடத்தில் சீக்கு நாய் இருக்கக் கூடாது என்று மேஸ்திரி அதைச் சிமெண்டு லாரியில் ஏற்றிவிட்டார். பின்கதவு சாத்தும்போது இடுக்கில் வால் நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. எங்கே இறக்கிவிட்டாய் என்று டிரைவரை யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மேஸ்திரி மூக்குக்கு இந்த வாடை எட்டுவதற்குள் போக்கிவிட வேண்டும். பைப்புக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பு ஆயில் கலந்து, காலையும் மாலையும் லாரிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கழுவினார். முதல் இரண்டு வேளை வாடை போன மாதிரி இருந்தது. அப்புறம் முன்னைவிடக் கூடுதலாக வந்தது. சொட்டு சொட்டாக இருந்தது வழிசலாயிற்று. அழுக்கு ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு சின்ன பாட்டிலில் சிவப்புத் தண்ணீரை எடுத்துப்போய் வீட்டுக் குளியலறை வாளிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தண்ணீரில் ஒரு மூடி கலந்து கழுவ ஆரம்பித்தார்.

அதோடும் விடவில்லை. லாரியின் அடியில் கிரீஸ் அடிக்கிற மூட்டுகளைக் கழுவி முடித்தால், தூசி ஏறாமல் துணியைச் சுற்றி, பழைய டியூப்பை வாராக அறுத்து இறுக்கிக் கட்டுவது அவர் வழக்கம். அவர் கட்டின மூட்டில் மண் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. அதே மாதிரி நாயின் இடுப்பைச் சுற்றித் துணி வைத்து ரப்பர் வாரால் கட்டினார். யார் கேட்டாலும் முதுகுவலிக்குக் கட்டு என்றார். உள்ளே ஈரம் ஈரமாகவே கிடந்தது.

வாளியைக் கண்டாலே ஸ்டெப்னி லாரிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ள ஆரம்பித்தது. கூப்பிட்டால் வால் மட்டும் தரையைத் தட்டும், ஆள் வராது. அவர் தவழ்ந்து போய் இழுத்துக்கொண்டு வருவார். இழுக்கும்போது அது கடிக்கவில்லை. அவர் கையையே நக்கியது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் கழுவினார்.

பிறகு அந்த நாள் வந்தது. காலையில் கட்டை அவிழ்த்துவிட்டதும் ஸ்டெப்னி ஒரு சக்கரத்திடம் போய்க் காலைத் தூக்கியது. பின்னங்கால் நடுங்கியது. ஒன்றும் வரவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனது. அதுவும் இல்லை. இப்படியே வரிசையில் நின்ற வண்டிகளையெல்லாம் சுற்றியது. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருத்தன் கேட்டான், "என்ன பைப்பண்ணே, பேனாவுல மை தீந்துடுச்சா? கையெழுத்தே விழ மாட்டேங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். பைப்பும் சிரித்தார். சிரிக்கிற வாய் காய்ந்துபோயிருந்தது. மத்தியானத்துக்குள் அது நிற்கவும் முடியாமல் முதுகைக் கூனிக்கொண்டு முக்க ஆரம்பித்தது. அடிவயிறு உப்பியிருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தார். நின்றார். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பைப்பு முந்திக்கொண்டு, மீன் வண்டி கழுவின தண்ணீர் ஓடையில் தேங்கியிருக்கிறது என்றார்.

"இன்னிக்கு மீன் வண்டி ஏதும் வரலியேப்பா" என்றார் மேஸ்திரி. நாயைப் பார்த்தார். அதன் இடுப்பில் மறுபடியும் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை அந்த முகம். "நாளைக்குக் காலைல சிமெண்டு வண்டி கிளம்புது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

பைப்பு தனக்கு வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு, குப்பை அள்ளுகிற தள்ளுவண்டியில் நாயைப் படுக்கவைத்துத் தார்ப்பாயால் மூடி வீட்டுக்குத் தள்ளினார். ஒவ்வொரு குழியிலும் வண்டி குலுங்க, தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. ஒரு குழியில் முனகல் வரவில்லை. நின்று, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், மேலே கையை வைத்துப் பார்த்தார். மூச்சு ஏறி இறங்கியது. மறுபடி தள்ளினார்.

அவர் வீட்டுக்காரி தார்ப்பாயை விலக்கி, இடுப்புக் கட்டை அவிழ்த்து அதன் வயிற்றைத் தொட்டாள். கல்லு மாதிரி இருந்தது. உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள். டாக்டரிடம் கிளம்பச் சொன்னாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க போனா கிழட்டு நாய்னு ஊசி போட்டு முடிச்சிருவாங்கடி" என்றார்.

"இங்கயே இருந்தா நீங்க முடிச்சிருவீங்க" என்றாள்.

கால்நடை டாக்டரம்மா நடுத்தர வயசு, அதிகம் பேசாதவர். இரும்பு மேஜையில் நாயைப் படுக்கவைத்து விளக்கை இழுத்துப் பார்த்தார். தோலுறை வீங்கி, சிவந்து, பழுத்த பழம் மாதிரி இருந்தது. நுனியில் முடியும் சீழும் சேர்ந்து அடைபோல் ஒட்டியிருந்தது. இந்தத் தோல் தானாகப் புண்ணானது மாதிரி இல்லையே, எதில் கழுவினீர்கள் என்று கேட்டார்.

"தண்ணிலதாம்மா."

"வெறும் தண்ணியா?"

பைப்பு ஆமென்று தலையை ஆட்டினார். உண்மையைச் சொன்னால் நாயைப் பிடுங்கிவைத்துக்கொள்வார்கள், போலீசுக்குச் சொல்வார்கள், இன்னும் என்னென்னவோ ஓடியது தலைக்குள். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, என்ன பட்டது என்று தெரியாமல் மேலே மருந்து போட்டால் புண் உள்ளே இறங்கிவிடும் என்றார்.

மேஜையில் டக்கென்று ஒரு சத்தம். சிவப்புத் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் ரப்பர் வார். வீட்டுக்காரி பையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள்.

"வாளிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தாரும்மா. குடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு நெனச்சு எடுத்து மோந்து பாத்தேன்" என்றாள். பிறகு மெதுவாக, "குடிச்சிருந்தாக்கூடத் தேவலையே" என்றாள்.

டாக்டரம்மா பாட்டிலை மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டுவார் என்று பைப்பு தலையைக் குனிந்து காத்திருந்தார். அவர் திட்டவில்லை. கத்திரியை எடுத்து முடியை வெட்டினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊசி போடாத சிரிஞ்சில் எடுத்து மெல்ல மெல்ல உள்ளே விட்டுக் கழுவினார். பிறகு மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தினார். நாய் ஊளையிட்டது. குழாயின் மறுமுனையில் பழுப்பாக, ரத்தம் கலந்து மூத்திரம் ஓடிவந்தது. அறை முழுக்க வாடை. பைப்பு அதன் தலையைப் பிடித்துக்கொண்டு, தன் வாழ்நாளில் மோந்த எல்லா வாடையையும்விட இதற்குப் பயந்துபோய் நின்றார்.

வேலை முடிந்து டாக்டரம்மா சொன்னதுதான் அவரைக் குத்திப்போட்டது. "காயடிக்காத ஆண் நாய்க்கு அங்க மஞ்சளா ஒரு சொட்டு நிக்கிறது சாதாரணங்க. அது சீக்கே இல்ல. வயசானதுக்கு முடிய வெட்டிவிட்டு, எப்பவாவது உப்புத் தண்ணில தொடச்சு, ஈரம் இல்லாம வெச்சாப் போதும். இப்ப இருக்கிறதுதான் சீக்கு. இது கழுவிக் கழுவி வந்தது."

பைப்பு சுருங்கிப்போன தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீழ் மூத்திரப்பை வரைக்கும் ஏறியிருக்கிறது, கீழே உள்ள சுரப்பியும் வயசுக்கு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. ராத்திரி இங்கேயே இருக்கட்டும், காலையில் குழாயை எடுத்துவிடுகிறேன், அதற்கப்புறம் அது தானாகப் போயாக வேண்டும் என்றார். போகாவிட்டால்? மறுபடி குழாய், பிறகு அறுவை. அதன் நெஞ்சு தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

மறுநாள் காலை புருஷனும் பெண்சாதியும் போனபோது குழாயை எடுத்தாகிவிட்டது. நக்காமல் இருக்க, கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாட்டியிருந்தார்கள். பின்புறத்துப் புல்லில் நடத்தினார்கள். வேலிக் கம்பத்திடம், மரத்திடம் கொண்டுபோனார்கள். ஸ்டெப்னி எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. டாக்டரம்மா அடிக்கடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி நிரம்புகிறது என்றார். அவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பைப்பு நாயை இன்னொரு மரத்திடம் நடத்திக்கொண்டு போனார்.

திடீரென்று வீட்டுக்காரி சொன்னாள், "ஏங்க, இது சக்கரத்த விட்டா வேற எதுல போயிருக்கு?"

டாக்டரம்மா தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். ஸ்டெப்னி அதைச் சுற்றிப் புனலோடு ஒருமுறை மோந்துவிட்டு, இதெல்லாம் ஒரு சக்கரமா என்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டது.

லாரி வேண்டும். லாரி இருக்கிற இடம் ஒன்றுதான் பைப்புக்குத் தெரியும். அங்கே இப்போது சிமெண்டு வண்டி பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். ஸ்டெப்னியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிளம்பினார்கள். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நின்றார். வீட்டுக்காரி பின்னாலிருந்து வண்டியை ஒரு தள்ளு தள்ளினாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் புனலைப் பார்த்து, லவுட் ஸ்பீக்கர் வந்துடுச்சுடா என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி சிமெண்டு வண்டியின் பின்கதவிடம் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு. அது எதற்கென்று பைப்புக்குத் தெரியும்.

நாயைத் தூக்கி இறக்கினார். அது தள்ளாடிக்கொண்டு, எங்கே போகக் கூடாதோ அங்கேயே போனது. சிமெண்டு வண்டியின் பின்சக்கரம். புனல் டயரில் இடித்தது. காலைத் தூக்கியது. நடுங்கியது. இறக்கியது. மேஸ்திரி ஓர் அடி முன்னால் வந்தார். ஸ்டெப்னி மறுபடி காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு நூல் மாதிரி, விட்டு விட்டு, சிமெண்டுத் தூசியில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. லேசான சிவப்பும் அதில் இருந்தது. வீட்டுக்காரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி குனிந்து மூக்கை உறிஞ்சினார். "வாடை இருக்குப்பா" என்றார்.

வண்டி கழுவுகிற தண்ணீர்க் குழாய் பைப்பின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. இத்தனை நாளாக நடந்த அத்தனையையும், பாட்டில் உட்பட, தணிந்த குரலில் சொன்னார். நாயிடமிருந்து சீக்கு வரவில்லை, தன் கையிலிருந்துதான் வந்தது என்றார். ஏற்றுவதாக இருந்தால் தன்னையும் சேர்த்து ஏற்றும்படி சொன்னார். "வாடை இருக்கட்டும் மேஸ்திரி. இதக் கழுவ மாட்டேன்."

மேஸ்திரி நாயைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ஆறுற வரைக்கும் இது வீட்டுல இருக்கணும். இங்க கண்ணுல படக் கூடாது" என்றவர், டிரைவர் பக்கம் திரும்பி, "கதவச் சாத்துடா, நேரமாச்சு" என்றார்.

ஈரச் சக்கரத்தோடு வண்டி வெளியே போனது. பைப்பு நாயைத் தள்ளுவண்டியில் தூக்கிவைத்து அதன் வயிற்றில் கையை வைத்தார். கொஞ்சம் இளகியிருந்தது, முழுசாக இல்லை. டாக்டரம்மா காத்திருப்பார். அவர் தள்ள ஆரம்பித்தார், ஒவ்வொரு குழியிலும் முனகல் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு.