செவ்வாய்க்கிழமை வந்தவள்

"கண்ணை மூடாதீங்கப்பா. ஏதாவது பேசிக்கிட்டே வாங்க."

மோகனா அப்பாவின் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரப்பர் தோட்டத்து வேன் செம்மண் பாதையில் துள்ளித் துள்ளி ஓடியது. நல்லசாமியின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் எழும்பித் தாழ்ந்தன.

வேனை ஓட்டியவர் ஹேமநாதன், தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸர். ஊசி போடுவதற்குள் இரண்டு ஜோக் சொல்லிவிடுகிற மனிதர். அன்று வாயே திறக்கவில்லை. மந்தின் ஊர்ச் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அனுமதிக் கடிதம் எதுவும் கேட்காமல் இரண்டடி பின்வாங்கி, போகச் சொல்லிவிட்டார்.

நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், தலைமுதல் கால்வரை மூடிய நான்கு பேர் நல்லசாமியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவர் மகளைத் தேடித் தலையைத் திருப்பினார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவள் அப்பாவை நேரில் பார்த்தது அதுவே கடைசி.

டாக்டர் ஜெயந்தன் வெளியே வந்து கேள்விகளை அடுக்கினார். காய்ச்சல் என்று தொடங்கியது? சனிக்கிழமை. வெளியூரிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தார்களா?

வந்தவள் அவள்தான். செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அங்கேயே ஹாஸ்டல். மூன்று வாரமாகத் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரையே மூடப்போகிறார்கள் என்று திங்கட்கிழமை இரவு அறிவித்ததும், அப்பா தனியாக இருப்பாரே என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ஓடிவந்தாள். சனிக்கிழமை அவருக்கு உடம்பு கொதித்தது.

டாக்டர் இரண்டு கிழமைகளையும் எழுதிக்கொண்டார்.

அவளையும் பரிசோதித்தார்கள். கிருமி இருந்தது. அப்பா கீழ்மாடியில், மகள் மேல்மாடியில்.

"எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே டாக்டர். நோயே தெரியாத ஆள்கிட்டேருந்து இது ஒட்டுமா?"

"ஒட்டலாம்னு சிலர் சொல்றாங்க. நிச்சயமாத் தெரியாது, மோகனா."

"அப்போ நான்தான் கொடுத்தேனா?"

"அதுவும் தெரியாது. இந்த நோய் பிறந்தே மூணு நாலு மாசம்தான். இதுக்குள்ள நான் எத்தனை தடவை தெரியாதுன்னு சொல்லிட்டேன்னு எனக்கே கணக்கில்லை."

போகும்போது அவர் ஒன்று கேட்டார். வெளிநாடுகளில் சிலருக்கு, காய்ச்சலுக்கு முன்பே வாசனை தெரியாமல் போகிறதாம். அப்பா அப்படி எதுவும் சொன்னாரா?

மோகனாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அப்பாவுக்குக் கட்டிப்பால் ஸ்டோரில் வேலை. ரப்பர் பால் மரத்துக் கோப்பையிலேயே உறைந்து கட்டியானால் அது கட்டிப்பால். அதன் நாற்றம் ஒரு மைல் வரும். லோரி கடந்து போனால் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஸ்டோர் ஆட்களுக்கு மூக்கே கிடையாது என்பது தோட்டத்தில் பழைய கிண்டல். அதைத்தான் டாக்டரிடம் சொன்னாள். அவர் எழுதவந்ததை எழுதாமல் பேனாவை மூடினார்.

ஐந்தாம் நாள் நல்லசாமி இறந்துபோனார்.

தகனத்தை அவள் கைப்பேசியில் பார்த்தாள். அண்ணன் புவனேஸ்வரன் ராசாவில் இருந்த தன் வீட்டிலிருந்து போயிருந்தான். இருபதடி தள்ளித்தான் நிற்கவிட்டார்கள். பெட்டி உள்ளே போய் மறையும்வரை படம் ஆடாமல் இருந்தது. பிறகு அவன் குரல் மட்டும் கேட்டது.

"நீ வராம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு."

கருமாதிக்கு அவளைக் கூப்பிடவில்லை. குணமாகி வந்த பிறகும் அண்ணன் போனை எடுக்கவில்லை. டாக்டர் ஜெயந்தனுக்கு வாரம் ஒருமுறை போன் அடித்து அதே கேள்வியைக் கேட்டாள். கிருமி ஒட்டினால் எத்தனை நாளில் காட்டும் என்று இப்போது அவரால் ஓரளவு சொல்ல முடிந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் முடியவில்லை.

ஜூன் மாதம் அப்பாவின் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியை ஒப்படைக்கக் கிளினிக் வழியாக நடந்தாள். ஹேமநாதன் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன் டிரஸர். எங்கப்பாவ நானே கொன்ன எடத்துல எனக்கு என்ன வேல?"

அவர் உள்ளே போய் நோயாளிகள் பெயரெழுதும் புத்தகத்தை எடுத்துவந்தார். மார்ச் மாதப் பக்கத்தைப் பிரித்து அவள் முன் வைத்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது. நல்லசாமி என்ற பெயர். எதிரே காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"காப்பிகூட மணக்கல டிரஸர்னு வந்து நின்னாரும்மா. முப்பது வருசம் கட்டிப்பால்ல கெடந்த மூக்கு, இன்னைக்குத்தான் செத்துச்சான்னு சிரிச்சு அனுப்பிட்டேன். உங்கப்பா சிரிக்கல. அப்புறம் என் வேலை போயிடுமோன்னு பயம், நான் யார்கிட்டயும் சொல்லல. நீ படுற பாட்டப் பாத்துக்கிட்டே மூணு மாசம் இருந்துட்டேன்."

மோகனா தேதியைப் பார்த்தாள். பக்கத்தில் கிழமையும் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை. அவள் வருவதற்கு முந்தின நாள்.