கடைசி டோக்கன்

தம்பியின் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது அக்காதான். பதினான்கு வருஷமாக அதே மேஜை, அதே கோடு போட்ட நோட்டு. வருகிறவர்களுக்கு அவளே பாதி டாக்டர். "ஜில்லுன்னு குடிச்சா கூசுதா? இப்பவே அடைச்சிடுங்க, சின்ன வேலை." "ஈறுல ரத்தமா? தேய்க்கறத நிறுத்தாதீங்க, பல்லுல படிஞ்ச காறைய எடுத்துட்டா சரியாயிடும்." "சூடு பட்டா உயிர் போகுதா? நரம்பு வரைக்கும் போயிடுச்சு. வேர் சிகிச்சை பண்ணா பல்லக் காப்பாத்திடலாம்." வலி தானாக நின்றுவிட்டது என்று யாராவது சந்தோஷமாகப் போன் பண்ணினால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "நின்னது வலிங்க, வியாதி இல்ல. நரம்பு செத்திருக்கும். உடனே வாங்க."

இவ்வளவும் தெரிந்தவளுக்கு வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. இடப்பக்கம் மெல்லப் பல்லே கிடையாது. இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் கஞ்சிதான் கதி.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களுக்குக் கடைசி டோக்கன். "நம்ம ஆளுங்கதானே, காத்திருப்பாங்க" என்பான் தம்பி. வழக்கம் வைத்தது அவன்தான் என்றாலும், அதைக் கட்டிக் காத்தது அக்கா. அத்தை, சித்தப்பா, யார் வந்தாலும் கடைசியில் உட்கார வைத்தாள். தன் பெயரையும் பக்கத்தின் கடைசி வரியில்தான் எழுதினாள். அங்கேதான் முட்டாள்தனம் பண்ணினாள்.

முதல் தடவை அவள் முறை வந்தபோது தம்பி கையுறையைக் கழற்றிவிட்டான். "அக்கா, இடுப்பு ஒடியுது. நாளைக்குப் பாத்துடலாம். இந்த மாத்திரையப் போடு." இரண்டாம் தடவை மாத்திரை மட்டும் வந்தது. மூன்றாம் தடவை அவன் வாயைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. நோட்டை எட்டி வாங்கி, அவள் பெயரை அடித்து, பக்கத்தில் 'நாளை' என்று எழுதிவிட்டுக் கார் சாவியை எடுத்தான். முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

பிறகு ஒரு காலையில் வலி நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் அவளுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் மறுபடியும் போய்க் கெஞ்ச ரோஷம் விடவில்லை. சும்மா இருந்தாள்.

வலி நின்ற மூன்றாம் வாரம் தாடை பன் ரொட்டி மாதிரி வீங்கியது. அப்போதுதான் தம்பி பதறினான். முதல் டோக்கன்காரரை எழுப்பிவிட்டு அவளை நாற்காலியில் படுக்க வைத்தான். எக்ஸ்ரே படம் எடுத்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"வேரெல்லாம் சீழ். பல்லும் ரெண்டாப் பிளந்திருக்கு. எடுத்துதான் ஆகணும்."

எடுத்தான். கை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. பஞ்சை வைத்து, "அரை மணி நேரம் கடிச்சுக்கோ, பேசாத, துப்பாத" என்றான். அவள் பேச முடியாது என்று ஆனதும் திட்ட ஆரம்பித்தான்.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லல? இங்கயே உக்காந்திருக்க! வெளிய கேட்டா என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா?"

அக்கா எழுந்து போய் நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று பக்கங்களைப் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்து வைத்துக் காட்டினாள். அவன் கையெழுத்து. நாளை. நாளை. நாளை.

தம்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.

"கூட்டமா இருந்துச்சுக்கா" என்றான் மெதுவாக. "சரி விடு. புண்ணு ஆறட்டும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் செட்டுப் பல் போட்டுடலாம். அடுத்த மாசம் மொத சனிக்கிழமை அளவெடுக்கறேன்."

அவள் அந்தச் சனிக்கிழமைக்கான பக்கத்தை எடுத்து, முதல் வரியில், மை ஊறும்படி அழுத்தி, 'அக்கா' என்று எழுதினாள்.

அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "காலையிலயா? அன்னிக்குக் கூட்டம் பிச்சுக்கும்க்கா. நீ நம்ம ஆளுதானே, கடைசியா வச்சுக்கலாம்" என்று பேனாவுக்குக் கையை நீட்டினான்.

மரத்துப் போன வாயில் பஞ்சை இறுகக் கடித்தபடி அவள் அவனைப் பார்த்தாள். பேனாவைக் கொடுக்கவில்லை.