கைதட்டும் இடம்

செண்பகவல்லி காகிதத்தை நீட்டியபடி வாசலில் வந்து நின்றபோது, சுடலைக்கண்ணன் சாயங்காலக் கூட்டத்துக்காக வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாராவியில் எந்தத் தலைவர் வந்து இந்தியில் பேசினாலும், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது அவர்தான். பகலெல்லாம் பெல்ட் பட்டறையில் குனிந்து தோல் வெட்டுகிறவருக்கு மைக்கைப் பிடித்தால் மட்டும் நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

மராத்தியில் இருந்த காகிதத்தை வாசித்துச் சொன்னார். குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டித்தரும் திட்டத்தில், அவளைப் போல மாடி அறையில் குடியிருப்பவர்களுக்கு வீடு பெறத் தகுதியில்லை. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

“எல்லாருக்கும் வீடுன்னு நீங்கதான அண்ணாச்சி மைக்குல சொன்னிய? அத நம்பித்தான சர்வேக்காரங்க கேட்டதும் இடிக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன். ரெண்டு புள்ளைகள வச்சிக்கிட்டு எங்க போவேன்?”

“தலைவரு சொன்னதத்தான் தாயி நானும் சொன்னேன்.”

“அவரு சொன்னது எனக்கு எங்க வெளங்குச்சு? நீங்க சொன்னதுதான் வெளங்குச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. தலைவர் பொய் சொல்லவில்லை. ‘தகுதியுள்ள ஒருவரையும் விடமாட்டோம்’ என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். தகுதி என்றால் ஜனம் முழிக்கும், கை தட்டாது. அதனால் சுடலைக்கண்ணன் அதை ‘நம்ம ஆளுக ஒருத்தர விடாம எல்லாருக்கும் வீடு’ என்று ஆக்கி, கடைசிச் சொல்லில் குரலை உயர்த்தி, இழுத்து நிறுத்துவார். மைதானம் அதிரும். தலைவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் இத்தனையும். வெட்கக்கேடு.

“இன்னைக்கு உள்ளபடி சொல்லிருதேன். நீயும் வா” என்றார்.

அவள் முன்வரிசையில், காகிதத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, தமிழுக்காக நிறுத்தினார். சுடலைக்கண்ணன் மைக்கை வாயருகே இழுத்தார்.

“தகுதி இருக்கவங்களுக்கு மட்டுந்தான் வீடு. மாடியில குடியிருக்கவங்க யாருக்கும் வீடு இல்ல!”

சொல்லிவிட்டார். ஆனால் பதினோரு வருடப் பழக்கம், கடைசிச் சொல்லில் குரல் தானாக உயர்ந்து, இழுத்து நின்றது. பின்வரிசையில் கைதட்டல் கிளம்பி மைதானம் முழுக்கப் பரவியது. தமிழ் தெரியாத தலைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

செண்பகவல்லி இருபக்கமும் பார்த்தாள். காகிதம் பறந்துவிடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளும் கை தட்டினாள்.