ஈரமணல் அறைக்கு இரண்டு வாசல்

அறைக்குள் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. வெளியே முப்பத்தெட்டு. பொன்செல்வி கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, இசக்கிதுரை பெரியப்பா மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றார்.

அறை அவளுடைய யோசனை. குற்றாலத்துக் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் மணல், மணலில் எந்நேரமும் ஈரம். குளிர்சாதனம் இல்லாமலே எலுமிச்சை இருபது நாள் வாடாது. புளியங்குடி மண்டியில் விலை விழுந்து கிடந்தது. சித்திரைக் கோயில் கொடைக்கு விலை ஏறும்; அதுவரை பழம் தாங்கினால் போதும். நாளைக் காலை தென்காசியிலிருந்து அதிகாரி வருகிறார். அறை குளிர்ந்து, மேலத்தெரு, கீழத்தெரு இரண்டின் பழமும் உள்ளே இருந்தால் இன்னும் பத்து ஊர்களில் அறை கட்ட அனுமதி. மணலுக்குத் தண்ணீர் பெரியப்பா கிணற்றிலிருந்துதான் வரவேண்டும்.

"உள்ள யாரு பழம் கெடக்கு?"

"கீழத்தெரு உலகம்மாக்காவோடது. முப்பது பெட்டி."

"நடுவுல ஒரு சுவரு வச்சுரு. அதுக்கப்புறம் நம்ம தெருப் பழம் வரும், தண்ணியும் வரும்."

"சுவரு வச்சா காத்து ஓடாது பெரியப்பா. பழம் வெந்துரும்."

"நீதான படிச்சவ. காத்துக்கு வேற வழி சொல்லிக் குடு."

"மண்டிக்கு எல்லாப் பழமும் ஒரே லாரியிலதான போவுது?"

"லாரி ஊருக்கு வெளிய போவுது. இது ஊருக்குள்ள இருக்குல்லா."

ஊராட்சித் தலைவருக்குப் போன் போட்டாள். "தேர்தல் வருதும்மா. எனக்கு ரெண்டு தெருவும் வேணும்" என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு இருபத்தொன்பது. ஒன்றரைக்கு முப்பத்தொன்று. மணலுக்குள் விரலை விட்டாள். பொடியாக உதிர்ந்தது.

கொத்தனாரை வரவழைத்தாள். பின்சுவரில் காற்றுக்காக விட்டிருந்த திறப்பு நாலு மணிக்குள் ஒரு வாசலாயிற்று. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"நடுச்சுவரு எங்கட்டி?"

"பெட்டி அடுக்குதான் சுவரு. இடுக்கு வழியா காத்து போயிரும்."

அவர் சிரித்தார். "பொழச்சுக்கிடுவ." மோட்டார் ஓடியது.

மேலத்தெருப் பெட்டிகள் முன்வாசல் வழியாக வந்து இறங்கின. ஆறு மணிக்கு வெப்பமானி இருபத்தேழுக்கு இறங்கியிருந்தது.

உலகம்மாள் பழம் பார்க்க வந்தவள், பின்பக்கம் ஈரம் காயாத சிமெண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாருக்கு தாயி?"

"உள்ள ஒரே அறைதான்க்கா. ஒரே குளிர்தான்."

"அது சரி. நான் எந்தப் பக்கமா வரணும்?"

பொன்செல்வியின் கண் பின்வாசலுக்குப் போய்த் திரும்பியது.

உலகம்மாள் லோடு ஆட்டோவை முன்வாசலுக்கே வரச் சொன்னாள். காலையில் உள்ளே போன வழியாகவே முப்பது பெட்டியும் வெளியே வந்தன. விடிந்ததும் மண்டிக்கு, கிடைக்கிற விலைக்கு. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

ஆட்டோ போனபிறகு பெரியப்பா சொன்னார், "நாளைக்கு ஆபிசர் கேட்டா, ரெண்டு தெருவும் சேந்துட்டுன்னு சொல்லிரு."

வெப்பமானி இருபத்தாறில் நின்றது. அறையில் பாதித் தரை காலியாகக் கிடந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல பெரியப்பா," என்றாள். "ரெண்டு வாசலையும் காட்டுதேன்."