பக்கத்து அறை கேட்காத ஹெட்போன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. என் மனைவி விற்பனைப் பெண்ணிடம் கேட்ட ஒரு கேள்விதான் மூலம். அதை இப்போதே சொல்லிவிட்டால் பாதிக் கதை தீர்ந்துபோகும் என்பதால் மூன்றாம் பகுதி வரை கையில் வைத்திருக்கிறேன். மற்றபடி எதையும் ஒளிக்கப்போவதில்லை. இதில் 'கணவன்' என்று வருகிறவன் நான்தான்.

[எந்தத் தைரியத்தில் 'ஒளிக்கப்போவதில்லை' என்று எழுதினேனோ! ஐந்தாம் பகுதிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.]

என்னையே 'அவன்' என்று எழுதக் காரணம் உண்டு. பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி பிழை திருத்துவது என் வேலை. அடுத்தவர் எழுத்தில் ஒற்று விட்டுப்போனால் கண்ணில் குத்தும். என் எழுத்தில் ஆள் விட்டுப்போனால்கூடத் தெரியாது. 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் வரிக்கு வரி எனக்கு நானே வக்காலத்து வாங்குவேன்.

மூன்று ஆரம்பங்கள் எழுதி அடித்தேன்.

"குறைந்த செலவில் கணினி விளையாட்டுக்கு நல்ல ஹெட்போன் தேடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது" – இது கட்டுரை.

"விளையாடும்போது அவள் அழகாக இருப்பாள்" – இது பொய். விளையாடும்போது வாயைக் கோணிக்கொண்டு, பல் வலிக்காரி மாதிரி இருப்பாள்.

"எட்டு மாதமாக அவன் விழவில்லை" – இது உண்மையாக இருந்தது. உடனே அடித்தேன்.

2

அவளைக் கொசு என்றே அழைப்போம். விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவளுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? காலை ஆறரைக்கெல்லாம் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம் கைநீட்டச் சொல்லி, நரம்பைத் தடவிப் பிடித்து, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று ஊசி ஏறும் முன்பே சொல்லிவிடுவாள். மூன்று மணிக்கு வீடு. சாப்பாடு. கொஞ்சம் கால் நீட்டல். ஐந்து மணிக்குக் கணினி.

நான்கு பேர் அணி. இடிந்த கட்டடங்களுக்குள் ஒளிந்து வரும் எதிர் அணியைச் சுட்டு வீழ்த்த வேண்டும். மற்ற மூன்று பேரையும் கொசு நேரில் பார்த்ததில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவர்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் கேப்டன்.

அந்த விளையாட்டில் உயிர் பிழைப்பது காதால்தான். எதிரி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அவன் காலடி கேட்கும். இடமா வலமா, மாடியா கீழா என்று காது சொல்ல வேண்டும். கொசுவுக்கு இடப்பக்கம் வந்தவன் ஒருவனும் தப்பியதில்லை. வலப்பக்கம் வந்தவன் ஒருவனிடமும் அவள் தப்பியதில்லை.

தலைப்பட்டை உடைந்து, ஆய்வகத்துப் பிளாஸ்திரி சுற்றிய பழைய ஹெட்போன் அவளுடையது. அதில் இரண்டு பக்கமும் நன்றாகவே பாடும். அவள்தான் வலப்பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பாள். இடது காது விளையாட்டுக்கு. வலது காது வீட்டுக்கு.

கணவனுக்கு வலிப்பு வரும். மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் நோய்தான். எட்டு மாதத்துக்கு முன் அவன் சமையலறையில் விழுந்து, மேடை விளிம்பில் நெற்றி கிழிந்து நான்கு தையல். அன்று அவள் இரண்டு காதையும் மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோதுதான் பார்த்தாள். அதற்காக அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மறுநாளிலிருந்து வலது காது திறந்துகொண்டது.

ஒரு நாள் கேப்டன் கேட்டுவிட்டார். "கொசு, உன் வலது பக்கம் என்ன லீவுல இருக்கா?"

"ஹெட்போன்ல ஒரு பக்கம் போயிடுச்சு கேப்டன்."

"அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்குத் தகுதிச் சுற்று. அதுக்குள்ள புதுசு வாங்கிடு. இல்லன்னா வேற ஆளைத்தான் போடணும். கோவிச்சுக்காதே."

கேப்டன் சொன்னதை அவள் பிறகு சொல்லித்தான் அவன் அறிந்தான். ஆனால் அவள் சொன்ன பொய், பக்கத்து அறையில் இருந்த அவனுக்கு நேராகவே கேட்டது. தனக்காகச் சொன்ன பொய் என்று நெகிழ்ந்தான்.

[நெகிழவில்லை. கோபம் வந்தது. என் நோயை அவள் ஒரு ஓட்டை ஹெட்போனுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள் என்று தோன்றியது.]

மூன்று நாள் அவன் வேறு வேலையே பார்க்கவில்லை. ஹெட்போன்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தான்.*

* படித்ததில் தேறியது இவ்வளவுதான். பெட்டியின் மேல் எட்டுத் திசை ஒலி என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிபெருக்கிதான். பளபள விளக்குக்குப் போகும் காசு ஒலியில் குறையும். குறைந்த விலையில் வயர்லெஸ்ஸை விட வயர் வைத்தது மேல். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு பத்து நிமிடம் மாட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, மூடிய வகையா திறந்த வகையா என்பது. மூடியது வெளிச் சத்தத்தை அடைக்கும். திறந்தது உள்ளே விடும்.

3

கடை நீளமாக, குளிராக இருந்தது. சுவர் முழுக்க ஹெட்போன்கள் ஆணியில் தொங்கின. விற்பனைப் பெண் கெட்டிக்காரி. எவ்வளவுக்குள் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் விலையுள்ள எதையும் கொசுவின் கண்ணில் காட்டவே இல்லை.

கணவன் ஒன்றைக் காட்டி, "அந்தக் கறுப்பு, மூடின டைப், அதை எடுங்க" என்றான். வரும் முன்பே அவன் முடிவு செய்திருந்தது அது.

கொசு மாட்டிக்கொண்டாள். விற்பனைப் பெண் ஒரு காலடிச் சத்தத்தை ஓடவிட்டாள். கொசுவின் தலை தன்னையறியாமல் வலப்பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. அவள் முகத்தைக் கணவன் பார்த்தான். யாரோ வெகுநாள் கழித்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

கழற்றிவிட்டு அவள் கேட்டாள்: "இதைப் போட்டுக்கிட்டு இருக்கும்போது, பக்கத்து ரூம்ல ஒருத்தர் விழுந்தா கேக்குமா?"

விற்பனைப் பெண்ணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கேக்கவே கேக்காது மேடம்! இடியே விழுந்தாலும் கேக்காது. அவ்வளவு நல்லா அடைக்கும்."

"அப்ப வேண்டாம்" என்றாள் கொசு.

அந்தப் பெண் எங்கே தப்பு நடந்தது என்று தெரியாமல் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். பிறகு விற்பனைப் பெண் திறந்த வகையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் கடையின் குளிர்சாதன இரைச்சல், பக்கத்தில் யாரோ பேரம் பேசுவது எல்லாம் கேட்டன. ஓடவிட்ட காலடி மட்டும் கேட்கவில்லை.

"கறுப்பையே பில் போடுங்க" என்றான் கணவன்.

[இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: "மைக்கைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. வாங்கப்போறவங்களுக்கு உபயோகமா எழுது. நான் பல் வலிக்காரி மாதிரி இருக்கேன்னு எழுதினதுக்கு அப்புறம் இருக்கு உனக்கு." மைக்: வாய்க்கு நேராக வளைக்கக்கூடியதாக, வேண்டாதபோது அணைக்கப் பொத்தான் உள்ளதாக இருக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

இதற்கு மேல் எழுதியதை அவள் பார்க்கவில்லை.]

4

பேருந்து நிறுத்தத்தில்தான் சண்டை.

"யாரைக் கேட்டு வாங்கின?"

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் நான் வீட்டுல இல்லன்னு நினைச்சுக்கோயேன்."

"நினைச்சுக்கலாம்."

"அப்புறம் என்ன?"

அவள் வரும் பேருந்தின் எண்ணைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது எனக்குப் பழகிடும்னுதான் பயம்."

பேருந்து வந்தது. ஏறினார்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி இருக்கைதான் கிடைத்தது.

வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவள் மேசையைக் கதவுக்கு எதிராகத் திருப்பிப் போட்டாள். விளையாடும் நேரத்தில் அவன் கூடத்து நாற்காலியில், அவள் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். அவன் உட்கார்ந்தான். பரீட்சை எழுதும் பிள்ளையைக் கண்காணிப்பது போல நிமிடத்துக்கு நான்கு தடவை அவள் பார்வை திரைக்கு மேலே எழுந்து அவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அதற்குள் ஆட்டத்தில் செத்துப்போவாள். காது கிடைத்தது, கண் போய்விட்டது.

அவன் எழுந்து தண்ணீர் குடித்தால்கூட அவள் பாதி எழுந்துவிடுவாள். அவன் தூங்காமல் புரண்டான். வெள்ளி இரவும், அதற்கு முந்தைய இரவும். அவனுக்குத் தூக்கம் கெடக் கூடாது, கெட்டால் வலிப்பு வரும். அது அவனுக்குத் தெரியும், அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது அவன் இடது கை ஒருமுறை வெட்டி இழுத்தது. பிரஷ் தொட்டியில் விழுந்தது. எடுத்துக் கழுவி வைத்தான்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணவன் சொன்னான்: "நான் படுக்கை அறையில உக்காந்து புரூஃப் பாக்கறேன். கதவைத் திறந்தே வைக்கறேன். நீ திரையை மட்டும் பாரு."

கொசு ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஊசி போடும் முன் நரம்பைப் பார்க்கிற பார்வை.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ராத்திரி தூங்கினியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

அவள் இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.

5

கணவன் கட்டிலில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு அறிவியல் நூலின் தாள்களைப் பரப்பினான். நான்காவது பக்கத்தில் ஒரு படத்துக்குத் தப்பான எண் போட்டிருந்தது. அதைத் திருத்தப் பேனாவை எடுத்தபோது நாக்கின் கீழே பழைய நாணயத்தை நக்கியது போல, வலிப்புக்கு முன் வரும் அந்தச் சுவை வந்தது. சில நொடிகள்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கூப்பிட வாயைத் திறந்தான். கேட்காது. கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, சொல்லிக் கொடுத்தபடி ஒருக்களித்து, கையை

6

மேலே அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது. உத்தி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகு சில நிமிடங்கள் என்னிடம் இல்லை. 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், அவனிடமும் இல்லை.

முதலில் ஒரு குரல் வந்தது. நான் எங்கே இருக்கிறேன், யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "வலது பக்கம் ரெண்டு பேர்! படிக்கட்டுல இறங்கறாங்க. நீங்க போங்க கேப்டன், நான் பாத்துக்கறேன்!" உரத்த, குறும்பான, பயமே இல்லாத குரல். யாருடைய வீட்டில் விழுந்து கிடக்கிறேன் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த என் மனைவியின் குரலில் எப்போதும் ஒரு காது என்மேல் இருக்கும்.

கன்னத்துக்கு அடியில் தாள் ஒட்டியிருந்தது. நாக்கைக் கடித்திருந்தேன். கால்சட்டையும் சட்டையும் நனைந்திருந்தன. எழுந்து நின்று கதவுக்கு வந்திருந்தால் அவள் பார்த்திருப்பாள். நான் சுவரோரமாகப் போய்க் கழுவிக்கொண்டு உடை மாற்றினேன்.

பாதி ஆட்டத்தில் அவளை எழுப்ப மனமில்லை என்று ஒரு பதிப்பில் எழுதியிருந்தேன். நல்ல கணவன், நல்ல வரி. இன்னொன்றும் உண்டு. தூங்கினேன் என்று சொன்ன பொய் வெளியே வந்துவிடும். இரண்டையும் தராசில் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஜெயித்தார்கள். தலைமுடியில் பட்டை அழுந்திய தடத்தோடு ஓடி வந்தாள். "வலது பக்கம் அவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது!" என்றாள். பிறகு, "ஏன் சட்டை மாத்தின?"

"தண்ணி கொட்டிக்கிட்டேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சந்தோஷத்தில் பிடித்தாளா, நாடி பார்த்தாளா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

ஆகவே முடிவுகள்:

அ) அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையாவது தனக்கு வேண்டும் என்று பேசாமல் இருக்கிறாள். [இதை எழுதும்போது அவள்மேல் பழி போடுகிறேன்.]

ஆ) அவன் சொல்கிறான். அவள் ஹெட்போனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். [அவள் அப்படிச் செய்யக்கூடியவள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.]

இ) அவன் சொல்லவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சனியும், அதற்கடுத்த சனியும்

7

இன்று சனிக்கிழமை. மணி மூன்று ஐம்பது. இரண்டாம் சுற்று.

சற்றுமுன் அறையிலிருந்து கேட்டாள்: "ஒரு வாரமா என்னமோ கிறுக்கிக்கிட்டே இருக்கியே, கதை முடிஞ்சுதா? ஆட்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள கொடு, படிச்சுடறேன்."

நான்காம் பகுதியோடு நிறுத்தி, அதன் கீழே 'அணி வென்றது' என்று ஒரு வரி சேர்த்து ஒரு கட்டு. முழுவதுமாக ஒரு கட்டு. இரண்டும் மடியில் இருந்தன. முழுக் கட்டைக் கொடுத்தேன்.

மேசையோரம் நின்றபடியே படிக்கிறாள். நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான்காம் பகுதியில் ஓரிடத்தில் சிரித்தாள். பென்சிலை எடுத்தாள். ஐந்தாவது தொடங்கும் தாளைத் திருப்பினாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இனி அவள் என்ன சொல்வாள் என்று நான் எழுதினால், ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தது போல அதையும் நானே அவளுக்குத் தேர்ந்தெடுத்ததாகிவிடும். வாசகரே, உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் பக்கத்து நியாயம் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

மேசையில் ஹெட்போன் கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள்ளிருந்து, ஒரு கொசுவின் ரீங்காரத்தைவிடச் சிறியதாக, கேப்டன் கூப்பிடுவது எனக்கே கேட்கிறது.

"கொசு, இருக்கியா? கொசு?"

அவள் அடுத்த தாளைத் திருப்புகிறாள்.